இளைஞர் மையம் ஹஜ் போய் வந்த கதை

அபூஷஜராவில் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ள அவர் வீட்டுச் சுவரைப் பார்த்தால் போதும். சுவரில் கப்பல் இருந்தால், அந்த வீட்டில் ஒருவர் செங்கடலைத் தாண்டி மக்காவுக்குப் போய் வந்தவர். விமானம் இருந்தால் பறந்து போய் வந்தவர். கப்பல், விமானம், ஒட்டகம் மூன்றும் இருந்தால், வரைய வந்தவனுக்கு வாத்துக்கறியோடு சோறு போட்டிருக்கிறார்கள் என்று பொருள். ஹஜ்ஜுக்குப் போனவர் திரும்பி வருவதற்குள் வீட்டார் படத்தை முடித்திருக்க வேண்டும். வந்து இறங்குகிறவர் முதலில் தேடுவது பிள்ளைகளின் முகத்தை அல்ல, தன் விமானத்தைத்தான். நைல் கரையில் மேயும் எருமைக் கன்றுகளுக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம் அரசாங்கத்துக்கு மட்டும் தெரியாது.

நஜ்லாவின் உம்மா பஹீயா, மாவை வெயிலில் உப்பவைத்துச் சுடுகிற ரொட்டியை விற்றுப் பிழைப்பவள். வருடா வருடம் ஹஜ் குலுக்கலில் பெயர் கொடுப்பாள். வருடா வருடம் வேறு யாருக்காவது விழும். இந்த முறை அவளுக்கே விழுந்தது. செய்தி கேட்டு அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி சுவரைப் பற்றியதுதான்.

“நான் வந்து எறங்குறப்ப செவுத்துல பிளேன் இருக்கணும். இல்லைன்னா அப்படியே திரும்பி மக்காவுக்கே போயிருவேன்.”

“மஹ்ரூஸ் மாமா வரைஞ்சு குடுத்துருவாரு உம்மா.”

“அவன் வரைஞ்ச பிளேனெல்லாம் கோழி மாதிரி இருக்கு. கொண்டை வெக்காததுதான் பாக்கி.”

கோழியோ பிளேனோ, அதை வரையவும் மஹ்ரூஸ் ஊரில் இருக்கப்போவதில்லை. ஊரின் ஒரே சுவர் ஓவியனான அவனுக்கும் அதே குலுக்கலில் பெயர் விழுந்திருந்தது. தன் வீட்டுச் சுவரை யார் வரைவார்கள் என்று கவலைப்பட்டு, கடைசியில் போவதற்கு முன்பே தன் விமானத்தைத் தானே வரைந்துகொண்டான். பஹீயா வீட்டுக்கும் முன்கூட்டியே வரைந்துவிடுவதாகச் சொல்லி, தூரிகையோடு வந்தான். அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“போகாமலே பிளேன் வரைஞ்சுக்கறதுக்கு நான் என்ன பொய்க்காரியா? தூக்கிட்டுப் போ உன் டப்பாவை.”

அதனால்தான் நஜ்லா இளைஞர் மையத்தில் சேர்ந்தாள். ஊரின் நுழைவாயிலில், பேருந்துச் சாலை திரும்பும் இடத்தில், நீண்ட வெள்ளைச் சுவரோடு நின்றது அந்த மையம். ‘சுவர் மலர்ச்சித் திட்டம்: இளைஞர் கையில் தூரிகை, நாட்டின் முகத்தில் புன்னகை’ என்று ஒரு துணி கட்டியிருந்தார்கள். ஊரின் பொது இடங்களை அழகாக்க இளைஞர்களுக்குச் சுவர் ஓவியம் கற்பிக்கப்படும் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தது. வரையக் கற்றுக்கொண்டால் உம்மாவின் விமானத்தைத் தானே வரைந்துவிடலாம் என்று நஜ்லா நினைத்தாள். பத்தொன்பது வயதில் இப்படியெல்லாம் நினைக்கத்தான் தோன்றும்.

மையத்தின் இயக்குநர் உஸ்தாத் ரிஃப்அத், கெய்ரோவில் பத்தாவது மாடியில் வளர்ந்தவர். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி எதன் வழியாகக் கேட்கிறதோ அதுதான் அவர் அறிந்த சுவர். ஆனாலும் முதல் பாடத்தை அவரே எடுத்தார். பாடத்தின் தலைப்பு: சுவர் என்றால் என்ன.

“அன்பு இளைஞர்களே, சுவர் என்பது வெறும் செங்கல் அல்ல. சுவர் என்பது எழுந்து நிற்கும் தரை. தரையின் மேல் நாம் நிற்கிறோம். சுவரின் மேல் நாடு நிற்கிறது.”

நஜ்லாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீரோ, தேவாலயத்துக்கு எதிர்வீட்டுப் பையன், வாயைக் கையால் மூடிக்கொண்டு கேட்டான்: “அப்போ கூரை மேல யாரு நிக்கிறா?”

“வாயை மூடு. காதுல விழுந்துச்சுன்னா அதுக்கும் ஒரு பாடம் எடுப்பாரு.”

அவள் பயந்ததுபோலவே அடுத்த வாரப் பாடம் கூரையைப் பற்றி அமைந்தது. அதற்கடுத்து தூரிகை வழங்கும் விழா. ஒவ்வொருவர் கையிலும் ஒரு தூரிகையைக் கொடுத்து, கை குலுக்கி, படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடித்ததும் எண்ணிப் பார்த்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பெயின்ட் கிடங்கில் இருந்தது. கிடங்குப் பூட்டுக்கு மூன்று சாவிகள் உண்டு, மூன்றும் சேர்ந்தால்தான் திறக்கும், ஒன்றை வைத்திருந்த அதிகாரிக்கு அஸ்வானுக்கு மாற்றலாகியிருந்தது. சாவியும் அவரோடு சேர்ந்து அஸ்வானில் பணியாற்றிக்கொண்டிருந்தது.

“பெயின்ட் இல்லாம எப்படி சார் கத்துக்கறது?” என்று கேட்டாள் நஜ்லா.

உஸ்தாத் ரிஃப்அத் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போலப் புன்னகைத்தார். “பெயின்ட் கெடைச்சா யாரு வேணா வரைஞ்சிடுவாங்கம்மா. நீங்க தண்ணியில வரைங்க.”

தண்ணீரில் வரைந்தார்கள். பழைய தூரிகைகளை வாளியில் முக்கி, மையத்தின் வெள்ளைச் சுவரில் இழுத்தால் சாம்பல் நிறக் கோடு விழும். அபூஷஜராவின் வெயிலுக்கு அந்தக் கோட்டைக் கண்டாலே பிடிக்காது. வாலை முடிப்பதற்குள் ஒட்டகத்தின் தலை காய்ந்துவிடும். உஸ்தாத் மதிப்பெண் போடுவதற்காகச் சுவர் நெடுக ஓடுவார். அவர் கடைசிப் படத்தை எட்டும்போது அங்கே வரைந்தவன் மட்டும் நின்றுகொண்டிருப்பான். புகைப்படக்காரர் வந்து சேரும்போது ஒன்றுமே இருக்காது. அவர் வெறும் சுவரைப் படமெடுத்துப் போனார். கெய்ரோவுக்குப் போன அறிக்கையில் அந்தப் படங்களுக்குக் கீழே ‘எண்ணற்ற ஓவியங்கள் நிறைவேறின, சுவர்களின் தூய்மையும் பேணப்பட்டது’ என்று எழுதப்பட்டது. பாராட்டுக் கடிதம் வந்தது.

ஆனால் நஜ்லா உண்மையாகவே கற்றுக்கொண்டுவிட்டாள். வெயில் அழிப்பதற்குள் முடிக்க வேண்டும் என்றால் கை தயங்கக் கூடாது. உம்மா புறப்பட்டுப் போன பிறகு, மதியந்தோறும் வீட்டுச் சுவரில் தண்ணீரால் ஒரு விமானம் வரைவாள். மூக்கு, இறக்கை, வால், வட்டமான ஜன்னல்கள். ஒரு நிமிடம் அது சுவரில் பறக்கும். பிறகு ஆவியாகி ஏறிப் போய்விடும். கோழியின் சாயல் அதில் துளியும் இல்லை. நஜ்லாவிடம் இல்லாதது பெயின்ட் மட்டும்தான். பக்ரியின் மளிகைக்கடையில் அதெல்லாம் விற்பதில்லை, கினா நகரத்துக்குப் போய் வாங்க வீட்டில் வழியும் இல்லை. ரொட்டி சுடுகிறவள்தான் மக்காவில் இருந்தாளே.

ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியபோது உஸ்தாத் ரிஃப்அத் காணாமல் போனார். அவருடைய கையெழுத்து மட்டும் தினமும் தவறாமல் அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தது. எழுத்தர் அதை நல்லபடியாகப் பார்த்துக்கொண்டார். பெருநாள் கழித்து உஸ்தாத் திரும்பி வந்தபோது முகம் கருத்து, மூக்குத் தோல் உரிந்து, தலை மொட்டையாக இருந்தது. அவர் எங்கே போயிருந்தார் என்பது கீரோவுக்குத் தெரியும். அவன் அண்ணன் மர்ஸா மத்ரூஹ் கடற்கரையில் ஓட்டல் வேலை பார்க்கிறான். அவன் அனுப்பிய படத்தில், உஸ்தாத் ஒரு மஞ்சள் வாத்து மிதவைக்கு நடுவே உட்கார்ந்து அலைகளை மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். உப்புத் தண்ணீரில் முடி கொட்டுகிறது என்று அங்கேயே மழித்துக்கொண்டாராம்.

“யாருகிட்டயும் காட்டாதே,” என்றாள் நஜ்லா.

“நான் எதுக்குக் காட்டப்போறேன். வாத்துக்குத்தான் அவமானம்.”

அந்த வாரமே கெய்ரோவிலிருந்து உறை வந்தது. துணை ஆளுநர் வருகிறார், சுவரைத் திறந்து வைக்கிறார். மூன்று சாவிகள் தேவைப்பட்ட பூட்டு ஒரே சுத்தியலடியில் திறந்துகொண்டது. உறைக்குள் தலைமைக் குழு அனுமதித்த வடிவமைப்பு இருந்தது. உஸ்தாத் அதை விரித்து வகுப்பில் விளக்கினார்.

“இதோ விமானம். இது நம் பொருளாதாரம் மேலெழும்புவதைக் குறிக்கிறது. இதோ கப்பல். நிர்வாகம் எந்தச் சூழ்நிலையிலும் மூழ்காது என்பதைக் குறிக்கிறது. இதோ ஒட்டகம். இது மக்களின் பொறுமை. இவை அனைத்தையும் கெய்ரோவில் நிபுணர்கள் பல மாதங்கள் ஆராய்ந்து கண்டுபிடித்திருக்கிறார்கள்.”

எல்லோரும் நஜ்லாவைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள்.

“சார், எங்க ஊர்ல பிளேனும் கப்பலும் ஒட்டகமும் செவுத்துல வரைஞ்சா...”

“வளர்ச்சி. அதுதானே?”

“இல்லைங்க சார். அந்த வீட்டுக்காரரு...”

“உக்காரும்மா. நிபுணர்கள் வரைஞ்சதை நாம திருத்தக் கூடாது. இன்னொரு விஷயம், விமானத்துல ஜன்னல் கூடாது. குழு தெளிவாச் சொல்லியிருக்கு. ஜன்னல் இருந்தா, உள்ள யாரு உக்காந்திருக்காங்கன்னு ஜனங்க கேப்பாங்க.”

நஜ்லா உட்காரவில்லை. ஊர் வழக்கத்தைச் சொல்வதைக் கைவிட்டு, தனக்கு வேண்டியதைக் கேட்டாள். “சார், மிச்சமாகிற பெயின்ட்ல எங்க வீட்டுச் செவுத்துல ஒரே ஒரு பிளேன் வரைஞ்சுக்கட்டுமா? உம்மா வர்ற நேரம்.”

உஸ்தாத்தின் குரல் மறுபடி மேடைக்கு ஏறியது. “மிச்சம் என்ற சொல் அரசாங்கத்தில் கிடையாது. பொதுப்பணத்தில் வாங்கிய பெயின்ட் தனியார் சுவரில் பட்டால் அது ஊழல். ஊழலை நான் வேரோடு பிடுங்குகிறவன்.” சொல்லிவிட்டு மூக்கிலிருந்து உரிந்த தோலைக் கொஞ்சம் பிடுங்கினார்.

வரைந்தார்கள். உம்மாவுக்காகப் பழகிய கை, உம்மாவுக்குக் கிடைக்காத பெயின்டில், நீண்ட சுவரின் நடுவே ஒரு விமானத்தை ஏற்றியது. வெள்ளி உடல், பச்சை வால். கப்பலைக் கீரோ வரைந்தான். ஒட்டகத்துக்கு எட்டுப் பேர் போட்டியிட்டதால் அதற்குக் கொஞ்சம் அதிகமாகக் கால்கள் அமைந்து, பிறகு திருத்தப்பட்டன. ஜன்னல் இல்லாத விமானத்தை நஜ்லா சற்று நேரம் பார்த்தாள். கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. தூரிகைகளைக் கழுவி, எண்ணிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வீட்டுச் சுவர் வெள்ளையாக இருந்தது.

மறுநாள் காலை மளிகைக்கடை பக்ரி, ஒரு மூட்டைச் சர்க்கரையைத் தோளில் வைத்துக்கொண்டு மையத்துக்குள் நுழைந்தார். நஜ்லாவும் கீரோவும் வாளிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பக்ரி நேராக உஸ்தாத்திடம் போய், அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, ஹாஜிகளுக்குச் சொல்லும் வாழ்த்தைச் சொன்னார்.

“ஹஜ் ஏற்கப்படட்டும். பாவமெல்லாம் மன்னிக்கப்படட்டும்.”

உஸ்தாத்துக்கு இரண்டாவது வாக்கியம்தான் முதலில் காதில் விழுந்தது. அவருடைய பார்வை கிடங்கின் பக்கம் போய் வந்தது.

“என்ன பாவம்?”

“எல்லாம்தான். சின்னது, பெருசு, தெரிஞ்சு பண்ணது, தெரியாம பண்ணது.”

“அந்த டேபிள் டென்னிஸ் மேசை நான் வர்றதுக்கு முன்னாடியே ஒடைஞ்சு போச்சு,” என்றார் உஸ்தாத்.

“அதுவும் மன்னிக்கப்படட்டும்,” என்று பக்ரி சர்க்கரையை இறக்கி வைத்துவிட்டுப் போனார்.

அவரைத் தொடர்ந்து ஊரே வந்தது. தேயிலையோடு வந்தார்கள், புறாவோடு வந்தார்கள், ஒருவர் உயிருள்ள சேவலோடு வந்தார். எல்லோரும் அதே வாக்கியத்தைச் சொன்னார்கள். உஸ்தாத் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தார். கால்பந்து வலைகளை எலி தின்றுவிட்டது. நீச்சல்குளம் எங்கே என்று கேட்கக் கூடாது, அது திட்டத்தில் மட்டும்தான் இருந்தது. மெத்தைகள் அவர் வீட்டில் இருப்பது பாதுகாப்புக்காக. வந்தவர்கள் ஒன்றும் புரியாமல், ஆனால் அக்கறையோடு கேட்டு, மன்னிக்கப்படட்டும் என்று மறுபடி சொன்னார்கள்.

மதியம் வேர்த்து விறுவிறுத்துப்போய் அவர் நஜ்லாவைத் தனியாக அழைத்தார். “இவங்களுக்கெல்லாம் யாரு சொன்னது?”

“செவுருதாங்க சார் சொல்லிச்சு. பிளேன் வரைஞ்சிருந்தா அந்த எடத்துக்காரரு ஹஜ் போயிட்டு வந்தவருன்னு அர்த்தம். ஹஜ் முடிச்சவங்க மாதிரி நீங்க மொட்டை வேற போட்டிருக்கீங்க. மொகமும் வெயில் பட்ட மொகமா இருக்கு.”

உஸ்தாத் நாற்காலியில் உட்கார்ந்தார். “ஆனா மத்த ஹாஜிங்க இன்னும் வரலையே.”

“அதையும் பேசிக்கிட்டாங்க சார். கவர்மென்ட்காரங்களுக்கு வரிசை தனி, சீக்கிரம் முடிஞ்சிரும்னு பக்ரி மாமா சொல்லிட்டாரு.”

“இல்லைன்னு சொல்லிடலாமா?”

“சொல்லலாமே. அப்புறம் எங்க போயிருந்தீங்கன்னு கேப்பாங்க,” என்றான் கீரோ, வாளியைத் துடைத்தபடி. “வாத்தைப் பத்தியும் சொல்ல வேண்டியிருக்கும்.”

உஸ்தாத் சேவலைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “என்னை என்னன்னு கூப்புடுறாங்க?”

“ஹாஜியாருன்னு.”

அபூஷஜராவுக்கு வந்த நாளிலிருந்து அவருக்கு யாரும் எழுந்து நின்றதில்லை. அன்று மாலை காபிக்கடையைக் கடந்தபோது எல்லோரும் எழுந்தார்கள். இரண்டு குடும்பங்கள் வாய்க்கால் தகராறைத் தீர்த்துவைக்கச் சொல்லி அவரிடம் வந்தன. ஒரு பெண் குழந்தையின் தலையில் கை வைக்கச் சொன்னாள். அவர் ஹஜ் போனதாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. போகவில்லை என்றும் சொல்லவில்லை. ஹாஜிகள் வருகிறவர்களுக்கு மதீனாப் பேரீச்சம்பழம் கொடுப்பது வழக்கம் என்று தெரிந்துகொண்டு, ஒரு தட்டில் பேரீச்சம்பழம் மட்டும் வைத்தார். பக்ரி ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். கொட்டையைக் கையில் துப்பி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நம்ம கடைப் பழம் மாதிரியே இருக்கு.”

“எல்லாப் பழமும் இறைவன் படைச்சதுதானே,” என்றார் உஸ்தாத்.

“அது சரி. என் கடைச் சரக்கும் புண்ணிய பூமியைப் பார்த்துட்டு வந்திருக்கு,” என்று பக்ரி இன்னும் இரண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

நஜ்லாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. உம்மா வரும் பேருந்து, திறப்பு விழா நாளன்று காலையிலேயே வருவதாகச் செய்தி வந்திருந்தது. போகாதவருக்கு ஒரு சுவர் நீளத்துக்கு விமானம் நிற்கிறது. போனவளுக்கு ஒரு முழம்கூட இல்லை. அவள் கடைசியாக ஒருமுறை போய்க் கேட்டாள். “ஹாஜியார் சார், டப்பா அடியில ஒட்டியிருக்கிறதையாவது...”

“ஹாஜியார் ஊழல் செய்யலாமாம்மா?” என்று அவர் கனிவோடு கேட்டார்.

திறப்பு விழா அன்று கம்பளம், ஒலிபெருக்கி, பள்ளிப்பிள்ளைகளின் பாட்டு எல்லாம் இருந்தன. துணை ஆளுநர், இதே சுவர் வழக்கம் உள்ள ஸோஹாகில் பிறந்தவர். காரை விட்டு இறங்கியதும் சுவரைப் பார்த்தார். விமானம், கப்பல், ஒட்டகம். பிறகு உஸ்தாத்தின் மொட்டைத் தலையைப் பார்த்தார். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“ஹஜ் போயிட்டு வந்தீங்களா ரிஃப்அத்?”

உஸ்தாத் வாயைத் திறப்பதற்குள் பக்ரி முந்திக்கொண்டார். “போயிட்டு வந்தாருங்க ஐயா. பழம்கூடக் குடுத்தாரு.”

“ரொம்ப சந்தோஷம். ஹஜ் விடுப்புக்கு நான்ல கையெழுத்துப் போடணும். போட்டதா ஞாபகம் இல்லையே.”

“நான் விடுப்பே எடுக்கலைங்க ஐயா,” என்றார் உஸ்தாத். “தெனமும் ஆபீஸ்லதான் இருந்தேன். என் கையெழுத்தே இருக்கு.”

“அப்போ மக்காவுல இருந்தது யாரு?”

கீரோ வானத்தைப் பார்த்தபடி வாத்துபோல மெல்ல ஒருமுறை கத்தினான். உஸ்தாத்தின் முகத்தில் மர்ஸா மத்ரூஹின் நிறம் முழுவதும் வடிந்துபோனது.

“ஐயா, அது... அந்த விமானம் என்னோடது இல்லைங்க.”

“அரசாங்கச் செவுத்துல இருக்குற விமானத்துக்கு ஆளே இல்லையா? பின்ன யாரோடது?”

அப்போதுதான் சாலை வளைவில் பேருந்தின் ஹார்ன் கேட்டது, ஹாஜிகளை ஏற்றி வரும் பேருந்துகள் மட்டும் விடாமல் அடிக்கும் ஹார்ன். நஜ்லாவின் கையில், பள்ளிப்பிள்ளைகளின் அட்டைகளுக்குப் பூசிய பச்சை பெயின்ட் டப்பாவும் தூரிகையும் இருந்தன. அவள் கம்பளத்தைத் தாண்டி, நாற்காலிகளுக்கு இடையே புகுந்து சுவரிடம் போனாள்.

“எங்க உம்மாவோடது,” என்றாள்.

வெயில் அழிப்பதற்குள் முடிக்கப் பழகிய கை அது. உஸ்தாத் ‘பிடிங்க’ என்று சொல்லி வாய் மூடுவதற்குள், விமானத்துக்குக் கீழே பச்சையில் எழுதி முடித்திருந்தாள்: ஹாஜியம்மா பஹீயா. ஹஜ் ஏற்கப்படட்டும், பாவம் மன்னிக்கப்படட்டும்.

பேருந்து சரியாக அங்கே வந்து நின்றது, கம்பளம் சாலையை அடைத்துக்கொண்டிருந்ததால். வெள்ளை உடையில் பஹீயா இறங்கினாள். பெண்கள் நாவைச் சுழற்றிக் குலவையிட்டார்கள். துணை ஆளுநர் சுவரைப் பார்த்தார், அந்த அம்மாளைப் பார்த்தார், புகைப்படக்காரரைப் பார்த்தார். அரசியலில் அவர் சும்மா இத்தனை வருடம் இருக்கவில்லை. ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

“பெருமக்களே, ரொட்டி சுடும் ஒரு சாதாரணத் தாயின் பெயரை அரசாங்கம் தன் சுவரில் பொறித்திருக்கிறது. இதைத் திட்டமிட்டுச் செய்தது யார்? நாங்கள்.”

“ஆரம்பத்திலிருந்தே இதுதான் திட்டம்,” என்றார் உஸ்தாத் ரிஃப்அத். அவர் குரல் தழுதழுத்தது. அது உண்மையான உணர்ச்சிதான்.

பஹீயா மகளைக் கட்டிக்கொண்டாள். பிறகு சுவருக்கு முன்னால் நின்று, மூக்கிலிருந்து வால்வரை விமானத்தை அளந்தாள்.

“கோழி மாதிரி இல்ல,” என்றாள். “நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு வீடு?”

“இளைஞர் மையம் உம்மா.”

“ஜன்னல் எங்க?”

உஸ்தாத் பணிவோடு குனிந்தார். “வடிவமைப்புல ஜன்னல் இல்லைம்மா.”

“அப்போ நான் எது வழியா மேகத்தைப் பார்த்தேன்?” என்று கேட்டாள் பஹீயா.

அன்றைய புகைப்படம் எல்லாச் செய்தித்தாளிலும் வந்தது. தலைமைக் குழு கூடி, அபூஷஜரா மாதிரியை மாவட்டம் முழுவதும் பின்பற்றும்படி சுற்றறிக்கை அனுப்பியது. எல்லா அரசு அலுவலகச் சுவர்களிலும் விமானம், அதன் கீழே அதே வாசகம். பெயர் எழுத வேண்டிய இடத்தில் அலுவலகத்தின் பெயர். மின்சார அலுவலகம் ஹஜ் போய் வந்தது. நிலப்பதிவு அலுவலகம் ஹஜ் போய் வந்தது. பத்திரம் பதிய வந்தவர்கள் மரியாதையாக, பாவம் மன்னிக்கப்படட்டும் என்றார்கள். எந்த நிலத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று பதிவாளர் கதவைச் சாத்தினார். வரி அலுவலகத் தலைவர் முதல் பாதியை மட்டும் எழுதச் சொன்னார், இரண்டாவது பாதி ஒப்புதல் வாக்குமூலம் போல இருக்கிறதாம். காவல் நிலையச் சுவரிலும் வரைந்தார்கள். அங்கே மட்டும் யாரும் வாழ்த்தப் போகவில்லை.

உஸ்தாத் ரிஃப்அத் கெய்ரோவுக்குப் பதவி உயர்வில் போனார். மாவட்டச் சுவர் விமானங்களின் தலைமை ஒருங்கிணைப்பாளர் என்ற அவருடைய புதிய பெயர்ப்பலகையில், பெயருக்கு முன்னால் ‘ஹாஜி’ என்று இருக்கிறது. அதை எழுதச் சொன்னது யாரென்று தெரியவில்லை. அழிக்கச் சொல்லி அவர் கேட்டதாகவும் தகவல் இல்லை.

சில வாரங்கள் கழித்து மஹ்ரூஸ் பெயின்ட் டப்பாக்களோடு பஹீயா வீட்டுக்கு வந்தான். முகம் வாடியிருந்தது.

“என் வீட்டு பிளேனைப் பார்த்துட்டு வெளியூர்க்காரன் ஒருத்தன் கேக்குறான் அக்கா, ‘இது எந்த ஆபீஸ், உள்ள என்ன தப்பு நடந்துச்சு’ன்னு. போகட்டும். உன் செவுத்தை வரைஞ்சு குடுத்துட்டுப் போறேன். நஜ்லாவும் கூட நிக்கட்டும்.”

“நீ டப்பாவை மட்டும் வெச்சிட்டுப் போ,” என்றாள் பஹீயா.

அவள் மாவை வெயிலில் பரப்பி வைத்துவிட்டு, மகளைக் கூப்பிட்டு, எங்கே எவ்வளவு உயரத்தில் என்று சுவரில் விரலால் காட்டினாள். நஜ்லாவுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

மாலையில் ரொட்டி வாங்க வந்த பக்ரி, சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். வெள்ளைச் சுவர் முழுக்க வெறுமையாக இருந்தது. நடுவே, முனைகள் வளைந்த ஒரே ஒரு சின்ன ஜன்னல். அதற்குள் பஹீயாவின் முகம், கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு கீழே எதையோ பார்த்தபடி.

“ஹாஜியம்மா, பிளேன் எங்க?”

பஹீயா சூடான ரொட்டியைத் தாளில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள்.

“பிளேனை கவர்மென்ட் எடுத்துக்கிச்சு. நான் ஜன்னலை மட்டும் வெச்சுக்கிட்டேன்.”